வாழை நாரை காஸ்டிக்கில் ஊறவைத்தோம், பலம் கூடவில்லை, குறைந்துவிட்டது. எங்கே தப்பு?

மட்டைநார்:

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்காக வாழை நாரையும் பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்துத் தகடு போட்டோம். நார், தொட்டியம் பக்கத்தில் மெஷின் வைத்து மட்டை உரிப்பவர் ஒருவரிடம் வாங்கியது. படித்த இடத்திலெல்லாம், நாரை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் ரெசின் நன்றாகப் பிடிக்கும், பலம் கூடும் என்றே இருந்தது. சரி என்று பாதி நாரை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை 10% கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். காலையில் பார்த்தால் தண்ணீர் டிகாஷன் மாதிரி இருந்தது. இரண்டு தடவை அலசி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மறுநாளே தகடு போட்டாயிற்று.

இழுத்துப் பார்த்ததில் ஊறவைக்காத நார் போட்ட தகடே ஜெயித்தது. ஊறவைத்தது கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. வழிகாட்டி சார் "நீங்கள் எங்கேயோ சொதப்பியிருக்கிறீர்கள், கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. யாராவது உதவுங்கள்.

ரெசின்கை:

தம்பி, நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட்டுகளுக்கு ரெசின் அடிக்கிறவன். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டு பெருகினபோது இந்த வேலைக்கு வந்தேன். ஒரே கேள்வி. தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இடம் இருக்கிறதா? சின்னக் குமிழ்? இருந்தால் ஈரம்தான். போட்டுக்குப் போடுகிற கண்ணாடி இழை மேட் தண்ணீரைக் குடிக்காது, அதுவே மழைநாளில் போட்டால் சொதப்பும். உங்கள் வாழை நார் துணி மாதிரி, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் வெயில் எந்த மூலைக்குப் போதும்?

மட்டைநார்:

இருக்கிறது அண்ணா, ஓரங்களில் நிறைய. அதைவிட ஒன்று, காய்ந்த நாரின் மேல் லேசாக வெள்ளைப் பவுடர் மாதிரி பூத்திருந்தது. தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டோம்.

சிலேன்சித்தன்:

அந்த வெள்ளைப் பவுடர் தூசி இல்லை தம்பி. சரியாக அலசாமல் நாரில் தங்கிய காஸ்டிக், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சோடியம் கார்பனேட் ஆகியிருக்கிறது, அதாவது சலவைச் சோடா. பாலியஸ்டர் என்ற பெயரிலேயே எஸ்டர் இருக்கிறது, காரம் பட்டால் எஸ்டர் உடையும். நாரும் ரெசினும் ஒட்ட வேண்டிய இடத்தில் நீங்களே ஒட்டாமல் இருக்க வழி செய்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் தப்பு அது ஒன்று மட்டும் இல்லை. நான் பாலிமர் ஆய்வுக்கூடத்தில் சில வருடம் இதே வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நார் என்பது என்ன என்று பாருங்கள். நமக்கு ஒற்றை இழையாகத் தெரிகிற வாழை நார், உள்ளே ஒரு ஈர்க்குமாறு. ஒவ்வொரு ஈர்க்கும் செல்லுலோஸ் நிறைந்த ஒரு செல். அவற்றைக் கட்டி வைத்திருப்பது லிக்னின், ஹெமிசெல்லுலோஸ், பெக்டின். வெளியே மெழுகும் எண்ணெய்ப் பசையும். காஸ்டிக்கின் வேலை, மெழுகையும் பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினில் கொஞ்சத்தையும் கரைப்பது. மேல்புறம் சொரசொரப்பாகும், கட்டு லேசாகத் தளர்ந்து ஈர்க்குகளுக்கு நடுவிலும் ரெசின் புகும், செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் வெளியே தெரியும். இதுவரைக்கும் லாபம். கட்டுக் கயிற்றையே அறுத்துவிட்டால் என்ன ஆகும்? துடைப்பம் துடைப்பமாக இருக்காது, ஈர்க்கு ஈர்க்காக உதிரும். ராத்திரி முழுக்க 10% கரைசலில் போட்டபோது நடந்தது அதுதான்.

இன்னொன்று. கரைசல் ஏறக்குறைய 10-12 சதவீதத்தைத் தாண்டினால் செல்லுலோஸின் படிக அமைப்பே மாற ஆரம்பிக்கும். இயற்கையில் இருக்கிற முதல் வகை, இரண்டாம் வகை ஆகும். பருத்தி நூலுக்கு ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை வாங்கிய வேலை இதுதான், மெர்சரைஸ் செய்த வேட்டி என்று கடையில் சொல்கிறார்களே, அது. அங்கே நூலுக்குப் பளபளப்பும் சாயம் பிடிப்பதும்தான் முக்கியம். பளபளப்புகூட மெர்சர் காலத்தில் வரவில்லை, நாற்பது வருடம் கழித்து ஹொரேஸ் லோ என்பவர் நூலைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துச் செய்தபோதுதான் வந்தது. கலவைத் தகட்டில் நமக்கு நாரின் விறைப்புதான் வேண்டும், பளபளப்பை வைத்து என்ன செய்வது?

கயிறுமில்:

> 10% கரைசலில் ராத்திரி முழுக்க

தென்னை நாரை மூன்று நாள் காஸ்டிக்கில் ஊறவைக்க வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேனே. அப்போது ஒரு ராத்திரி அதிகம் என்பது எப்படி? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறீர்கள்.

சிலேன்சித்தன்:

நல்ல கேள்வி, இந்தக் குழப்பத்தால்தான் பாதி மாணவர்கள் மாட்டுகிறார்கள். தென்னை நாருக்கு அந்த மூன்று நாள் கணக்கு நிஜமானது. திருவனந்தபுரத்தில் அப்போது வட்டார ஆராய்ச்சிக் கூடம் என்று இருந்த இடத்தில், இப்போதைய நிஸ்ட் (NIIST), 1983-இல் வெளியிட்ட ஆய்வு. 5% கரைசல், சாதாரண அறை வெப்பம், 72 முதல் 76 மணி நேரம். நாரின் இழுவிசை சுமார் 15% கூடியது. அதற்கு மேல் ஊறவிட்டால் குறைய ஆரம்பித்தது. ரெசினிலிருந்து நார் பிரிவதற்கான விசை 90% கூடியது.

ஆனால் அது தென்னை நார். அதில் லிக்னின் மட்டுமே 40 சதவீதத்துக்கு மேல், செல்லுலோஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காரம் உள்ளே போய்ச் சேரவே நேரம் எடுக்கும். மேலே பார்த்தால் குழிகளை அடைத்துக்கொண்டு குட்டி மொட்டு மாதிரி உருண்டைகள் இருக்கும், காஸ்டிக்கில் அவை கழன்று குழிகள் திறக்கும், ரெசின் அந்தக் குழிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். வாழை நாரில் லிக்னின் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். செல்லுலோஸ் 60 சதவீதத்துக்கு மேல். கட்டியிருக்கிற கயிறு மெல்லிசு, சீக்கிரம் அறுந்துவிடும். தென்னை நாரின் கணக்கை வாழைக்குப் போட்டால் இளநீரை உரிக்கிற அரிவாளால் வாழைப்பழம் உரித்த கதைதான்.

அதனால் மட்டைநார் தம்பிக்கு: 5%, அதிகபட்சம் இரண்டு மணி நேரம். முடிந்தால் 2%, 4%, 6% என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அலசும்போது கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, அதன் பிறகு மறுபடி நல்ல தண்ணீர். அலசின தண்ணீரில் ஒரு சொட்டு பினாப்தலீன் விடுங்கள், பிளஸ் டூ லேபில் தரம் பார்த்தோமே அதே பினாப்தலீன். ரோஸ் நிறம் வந்தால் இன்னும் அலச வேண்டும்.

பனந்தும்பு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பனந்தும்பில் முயன்று பார்த்தனாங்கள். தூரிகைக்குப் போகிற தடித்த தும்புதான். ஒரு எச்சரிக்கை எல்லாருக்கும்: காஸ்டிக்கை அலுமினியச் சட்டியில் கரைக்காதையுங்கோ. எங்கட பெடியன் ஒருவன் கிணற்றடியில் கிடந்த பழைய சட்டியில் கரைத்தான், ஐந்து நிமிடத்தில் புஸ் என்று பொங்கி, சட்டி அடியில் ஓட்டை. வருகிறது ஹைட்ரஜன், பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் கதை வேறு. பிளாஸ்டிக் வாளி போதும்.

சிலேன் என்று பெயர் வைத்திருக்கிற அண்ணையிடம் ஒரு கேள்வி. காஸ்டிக்குக்குப் பிறகு சிலேன் போடத்தான் வேண்டுமோ? இஞ்சை வாங்குவது கஷ்டம்.

சிலேன்சித்தன்:

பனந்தும்பு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

சிலேன் விஷயம். அது நாரையும் ரெசினையும் இணைக்கப் போடுகிற சிலிக்கான் சேர்ந்த ரசாயனம், அதை ஒரு தரகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நாரின் ஹைட்ராக்சிலைப் பிடிக்கும், இன்னொரு கை ரெசினைப் பிடிக்கும். அந்த இரண்டாவது கை ரெசினுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும், இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். எபாக்சிக்கு அமினோ சிலேன். பாலியஸ்டருக்கு வினைல் அல்லது மெத்தாக்ரிலாக்சி வகை, அதில் இருக்கிற இரட்டைப் பிணைப்பு ரெசினில் இருக்கிற ஸ்டைரீனோடு சேர்ந்து ரெசின் இறுகும்போது தானும் சேர்ந்து இறுகும். கையில் கிடைத்த அமினோ சிலேனைப் பாலியஸ்டரில் போட்டுவிட்டு "சிலேன் வேலை செய்யவில்லை" என்று முடிவுரை எழுதிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வினைல் வகைக்கு, ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, அசெட்டிக் அமிலத்தால் பிஎச் 4 முதல் 5-க்குள் கொண்டுவந்து, ஒரு சதவீத அளவில் சிலேன் விட்டு, ஒரு மணி நேரம் கலக்கிவிட்டுத்தான் நாரைப் போட வேண்டும். தண்ணீரோடு வினைபுரிந்து "சிலனால்" என்ற பொருளாக மாறிய பிறகுதான் அதற்குக் கை முளைக்கும். பிறகு காற்றில் உலர்த்தி, 110 டிகிரி ஓவனில் வைத்தால்தான் பிணைப்பு உறுதியாகும். அந்த ஓவன் படியை விட்டால் சிலேன் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த ஈரத்தில் கழன்றுவிடும். சூடுபடுத்தினாலும் நார்ப் பக்கத்துப் பிணைப்பு தண்ணீரில் மெல்ல மெல்ல உடையக்கூடியதுதான், கண்ணாடி இழையில் கிடைக்கிற உறுதி இங்கே கிடையாது.

பனந்தும்புக்கு வேண்டியது முதலில் சிலேன் இல்லை என்பது என் அபிப்பிராயம். காஸ்டிக், நல்ல அலசல், நல்ல உலர்த்தல், இது மூன்றும் சரியாக வந்த பிறகு யோசிக்கலாம்.

கயிறுமில்:

இப்போது நான் கொஞ்சம் எரிச்சலோடு எழுதப்போகிறேன். பொள்ளாச்சியில் இருபது வருடமாகத் தென்னை நார்த் தொழிலில் இருக்கிறேன். ஆண்டுக்கு நாலு மாணவர்களாவது வந்து நார் வாங்கிப்போகிறார்கள், எல்லாரும் காஸ்டிக், எல்லாரும் 5%, எல்லாரும் பலம் கூடியது என்று எழுதுகிறார்கள். அந்த டிகாஷன் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பத்து லிட்டர் வாளியில் செய்தால் சாக்கடையில் ஊற்றிவிடலாம். நான் தினமும் ஒரு டன் நாரை ஊறவைத்தால்? திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்கவே மறக்காது. நொய்யலைப் பார்த்த பிறகும் இன்னொரு காரத் தண்ணீர்த் தொழிலை ஆரம்பிக்க எனக்கு மனசு வராது.

அப்புறம் இன்னொன்று, காயர் மெத்தை தெரியுமா? சுருட்டிய தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, சூட்டில் வேகவைப்பது. நம் வீட்டில் எல்லோரும் படுத்துத் தூங்கிய கலவைப் பொருள் அது. அதற்கு யார் காஸ்டிக் போட்டார்கள்?

சிலேன்சித்தன்:

கழிவு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான், அதில் சண்டை போட மாட்டேன். மெத்தை உதாரணமும் நல்ல உதாரணம். ஆனால் மெத்தையில் ரப்பரின் வேலை நார்கள் தொடும் முனைகளை ஒட்டுவது மட்டும்தான், சுமையை நாருக்கு மாற்றுவது இல்லை. தகட்டில் இழுக்கும்போது ரெசினிலிருந்து விசை நாருக்குப் போயாக வேண்டும், அதனால்தான் ஒட்டுதலுக்கு இத்தனை பாடு.

நீங்கள் சொன்னதற்கு ஆதரவாக நானே இரண்டு உதாரணம் தருகிறேன். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் கார், 1957-லிருந்து 1991 வரை வந்தது, அதன் மேல்தகடு பருத்திக் கழிவும் பீனால் ரெசினும் சேர்த்து அழுத்தியது. பீனால் ரெசினுக்கும் செல்லுலோஸுக்கும் இயல்பாகவே ஒத்துப்போகும், பாலியஸ்டர் மாதிரி முகம் திருப்பிக்கொள்ளாது. இரண்டாவது, இப்போது கார் கதவின் உள்பக்கத்தில் வருகிற ஆளி நார், புளிச்சை நார்ப் பலகைகள். அங்கே பாலிபுரொப்பிலீன்தான் ரெசின். அதிலேயே இரண்டு மூன்று சதவீதம் மலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலீனைக் கலந்துவிட்டால் போதும், உருக்கும்போது அது நாரின் ஹைட்ராக்சிலைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். தொட்டி வேண்டாம், அலசல் வேண்டாம், கழிவுத் தண்ணீர் வேண்டாம். நாரை மாற்றாமல் பிளாஸ்டிக்கை மாற்றுகிறார்கள். வெப்பத்தில் மட்டும் கவனம், 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருக ஆரம்பிக்கும், அதனால்தான் 165 டிகிரியை ஒட்டி உருகும் பாலிபுரொப்பிலீன் தோதாக இருக்கிறது, நைலான் இல்லை.

கயிறுமில்:

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி, சமாதானம்.

மட்டைநார்:

அண்ணா, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அசிட்டோனில் கரைத்துப் போடுவது, பென்சாயில் குளோரைடு போடுவது, இதெல்லாம் ஒரு கட்டுரையில் பார்த்தேன். ரிவ்யூவில் புதுசாகக் காட்ட உதவுமா?

சிலேன்சித்தன்:

வேண்டாம். பெர்மாங்கனேட் அளவு நூறில் ஒரு பங்கு சதவீதம் என்கிற மாதிரி துளியூண்டு, ஓரிரு நிமிட வேலை, கொஞ்சம் கூடினால் நாரையே அரித்துவிடும். அசிட்டோன் பக்கத்தில் ஒரு பொறி போதும். பென்சாயில் குளோரைடு கண்ணைப் பிடுங்கும், புகையை உறிஞ்சி வெளியேற்றுகிற கூண்டு இல்லாத லேபில் மூடியைக்கூடத் திறக்காதீர்கள். மூன்று வாரத்தில் உருப்படியாக ஒரு விஷயத்தைச் செய்யுங்கள்.

அப்புறம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: நாரை எப்போது எடை போட்டீர்கள்?

மட்டைநார்:

ஊறவைப்பதற்கு முன்னால்தான். ஒவ்வொரு தகட்டுக்கும் 100 கிராம் என்று பிரித்து, கட்டுக் கட்டாக ஊறப்போட்டோம்.

சிலேன்சித்தன்:

பிடிபட்டுவிட்டது. காஸ்டிக்கில் கரைந்து போனதெல்லாம் அந்த டிகாஷனில் இருக்கிறது. 100 கிராமாகப் போனது 100 கிராமாகத் திரும்பாது. உங்கள் ஊறவைத்த தகட்டில் நார் குறைவு, ரெசின் அதிகம். நீங்கள் ஒப்பிட்டது ஊறவைத்த நாரையும் ஊறவைக்காத நாரையும் மட்டும் இல்லை, அதிக நார் போட்ட தகட்டையும் குறைந்த நார் போட்ட தகட்டையும் சேர்த்து. கட்டுரைகளிலேயே இந்தத் தப்பு வருகிறது. ஊறி, அலசி, ஓவனில் உலர்ந்த பிறகு எடை போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து நிறுத்து, இரண்டு தடவை ஒரே எடை வந்தால்தான் உலர்ந்தது என்று அர்த்தம். ஊறவைக்காத நாரையும் அதே மாதிரி உலர்த்த வேண்டும், சாதாரணக் காற்றிலேயே எடையில் பத்து சதவீதம் அளவுக்கு அதில் ஈரம் இருக்கும்.

நார் எந்த மட்டையிலிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி மட்டை நாருக்கும் உள் மட்டை நாருக்கும் வித்தியாசம் உண்டு, பூவனுக்கும் நேந்திரனுக்கும் உண்டு. எல்லாவற்றையும் கலந்துவிட்டுத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மட்டைநார்:

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், இன்டர்னல் நடந்தது.

5%, இரண்டு மணி நேரம், பினாப்தலீன் ரோஸ் போகும்வரை அலசல் (ஏழு தடவை! கை வலித்துவிட்டது), 80 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்க. 100 கிராம் 86 ஆகியிருந்தது. இந்த முறை உலர்ந்த எடையில் சமமாகப் போட்டோம். இழுவையிலும் வளைவிலும் ஊறவைத்தது மேலே வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். ஆனால் இம்பாக்ட் சோதனையில், அதாவது அடித்து உடைக்கிற சோதனையில், ஊறவைத்த தகடு குறைந்திருக்கிறது. மறுபடி எங்கேயோ சொதப்பிவிட்டேனா?

ரெசின்கை:

உடைந்த வாயைப் படம் எடுத்துப் போடு தம்பி.

மட்டைநார்:

ஊறவைக்காதது உடைந்த இடத்தில் நார் நாராக நீட்டிக்கொண்டிருக்கிறது, தேங்காய்க் குடுமி மாதிரி. ஊறவைத்தது மொட்டையாக, வெட்டினாற்போல உடைந்திருக்கிறது.

சிலேன்சித்தன்:

நீங்கள் சொதப்பவில்லை, சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒட்டுதல் லேசாக இருந்தால் அடி விழும்போது நார் ரெசினிலிருந்து உருவிக்கொண்டு வரும், உரசி உரசி வருவதில் அடியின் சக்தி செலவாகும். ஒட்டுதல் கெட்டியாகிவிட்டால் நார் உருவ முடியாது, விரிசல் ரெசினிலிருந்து நேராக நாருக்குள் பாய்ந்து ஒரே கோட்டில் அறுத்துவிடும். இழுவைக்கும் வளைவுக்கும் கெட்டியான பிடிப்பு நல்லது. அடி தாங்க ஓரளவு நழுவல் வேண்டும். தென்னை நாரில் நிலைமை வேறு, அதன் உள்ளிழைகள் நாரின் நீளவாக்கிலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து சுருள் மாதிரி இருப்பதால் நாரே நன்றாக நீளும், அந்த 1983 ஆய்வில் இம்பாக்டும் சேர்ந்துதான் கூடியது. வாழையில் சாய்வு சுமார் 11 டிகிரி, விறைப்பு அதிகம், நீட்சி கொஞ்சம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை எழுதுங்கள், புதுசாகக் காட்ட பெர்மாங்கனேட் எதற்கு?

பனந்தும்பு:

அப்ப தூரிகைத் தும்பு மாதிரித் தடித்ததுக்கு ஒரு மணித்தியாலமோ, கூடவோ?

சிலேன்சித்தன்:

தடிப்பு கூடினால் நேரமும் கூடும், ஆனால் எவ்வளவு என்று நான் இங்கிருந்து சொன்னால் அது தென்னைக் கணக்கை வாழைக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது முப்பது இழைகளைத் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். எங்கே குறைய ஆரம்பிக்கிறதோ அதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

கயிறுமில்:

ஏழு தடவை அலசின தண்ணீர்?

மட்டைநார்:

கேட்பீர்கள் என்று தெரியும் சார். ஊறல் தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கட்டுக்கு அதையே, எவ்வளவு காரம் மிச்சம் இருக்கிறது என்று தரம் பார்த்து, குறைந்ததை மட்டும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறேன். அலசின தண்ணீரில் கடைசி மூன்று வாளி கிட்டத்தட்ட சுத்தம், அடுத்த தடவை முதல் அலசலுக்கு அதை எடுத்துக்கொள்வேன்.

கயிறுமில்:

ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு தம்பி. நார் வேண்டுமென்றால் சொல், அடுத்த லாட்டு காசு வேண்டாம்.

ரெசின்கை:

ஓவனிலிருந்து எடுத்த நாரை ஆறவைக்கிறேன் என்று மேஜையில் பரப்பி வைக்காதே. சூட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடு, மோல்டுக்கு மெழுகு தேய்த்து முடித்த பிறகு பையைத் திற. அப்புறம் ரெசினை இறுக வைக்கிற எம்இகேபியையும் அதை முடுக்கிவிடுகிற கோபால்ட்டையும் ஒரே குவளையில் நேராகக் கலந்துவிடாதே, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கு, அதற்கப்புறம்தான் மற்றது.

மட்டைநார்:

கோபால்ட் கலந்தே வருகிற ரெசின்தான் அண்ணா வாங்கியிருக்கிறோம். பை ஐடியா சூப்பர், இத்தனை நாள் ஓவனிலிருந்து எடுத்து டீ குடிக்கப் போய்விட்டு வந்துதான் தகடு போட்டோம்.